கொட்டேஷன் அக்கா சைக்கிள் வாங்கிய கதை

மலேசியாவின் குளுவாங் நகரத்தில் யோசித்துப் பொருள் வாங்கியவர் ஒரே ஒருவர்தான். மற்ற நாங்கள் எல்லோரும் வாங்கிவிட்டு யோசித்தவர்கள். அந்த ஒருவரை எங்கள் தொழிற்சாலை ‘கொட்டேஷன் அக்கா’ என்ற பெயரில்தான் அறியும். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்றும் அவருக்கு உண்டு. சம்பளச் சீட்டையும் கோயில் அர்ச்சனையையும் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இருந்ததில்லை.

நான் அப்போது அந்தத் தொழிற்சாலையில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்தேன். அக்கா கொள்முதல் பிரிவு. எதை வாங்கினாலும் மூன்று கடைகளில் விலை கேட்டு, ஒப்பிட்டு, அதன் பிறகே வாங்க வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். அதற்கு ‘விலைப்புள்ளி’ என்று அழகான தமிழ்ச் சொல் இருக்கிறதாம். அது எங்கள் தொழிற்சாலைக் கேட்டைத் தாண்டி உள்ளே வந்ததே இல்லை. எங்களுக்குக் கொட்டேஷன்தான். இந்தச் சட்டம் எல்லாக் கம்பெனியிலும் உண்டு. மேலதிகாரி லீவில் போகிற அன்று சட்டமும் லீவில் போய்விடும். அக்கா அதற்கு லீவே கொடுக்கவில்லை. அதோடு நின்றிருந்தால் நல்ல ஊழியர் என்று சொல்லி முடித்திருப்போம். அவர் சட்டத்தைக் கூடவே வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு போனார்.

பல் வலித்தால் மூன்று பல் மருத்துவர்களிடம் வாயைத் திறந்து காட்டிவிட்டு, வலியோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசிப்பார். பாசாருக்குப் போனால் மூன்று கடை மீனையும் செவுளைத் தூக்கிப் பார்த்து, முதல் கடை மீன்தான் நல்லது என்று முடிவெடுத்துத் திரும்பி வருவார். அதற்குள் அந்த மீன் யாரோ ஒருவர் வீட்டில் குழம்பாகக் கொதித்துக்கொண்டிருக்கும்.

ஒருநாள் கேண்டீனில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டேன்.

“அக்கா, கல்யாணத்துக்குக்கூட மூணு கொட்டேஷன்தானா?”

“ஆமாலா. மூணு மாப்பிள்ளை வந்தாங்க. ரெண்டு பேரு ரொம்பப் பேசுனாங்க. இவரு வாயே தொறக்கல. மெயிண்டனன்ஸ் கம்மின்னு எடுத்தேன்.”

அந்தக் கணக்கு தவறவில்லை. கணவருக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. வாரம் முழுக்க ஜொகூர் பாருவில் ஓர் அறையில் தங்கி, தினமும் விடியுமுன் எல்லைப் பாலத்து நெரிசலில் நின்று நின்று அந்தப் பக்கம் போய் வருவார். சனிக்கிழமை சாயங்காலம் குளுவாங் வந்து சேர்வார். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தூங்குவார். பிள்ளைகள் இருவரும் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார்கள். ஆகவே அக்கா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் மின்விசிறிச் சத்தமும் குறட்டைச் சத்தமும்தான்.

இந்தப் பின்னணியில்தான் ஒரு மதியம், நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தபடி, அக்கா அறிவித்தார்.

“நான் எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்கப் போறேன். காட்டுல மேட்டுல ஓட்டுற மாதிரி.”

மேசையில் சாப்பாடு நின்றது. ஐம்பதைத் தாண்டிய, முட்டி வலிக்குத் தைலம் தேய்க்கிற, லிப்ட் வேலை செய்யாத நாளில் மாடிப்படியைத் திட்டிக்கொண்டே ஏறுகிற ஒருவர் இதைச் சொன்னால் எப்படிச் சாப்பிடுவது?

“ஏன் அக்கா?” என்றேன்.

“எங்க தாமான் வீடுங்களுக்குப் பின்னால செம்பனைத் தோட்டம் இருக்குல்ல, அதுக்குப் பின்னால ஒரு குன்று. அந்த வீட்டுக்குக் குடிவந்த நாள்லேருந்து குசினி சன்னல் வழியா அதைப் பாத்துக்கிட்டே சமைக்கிறேன். ஒருநாளாச்சும் அங்க நின்னு என் வீட்டைப் பாக்கணும்.”

“கார்ல போலாமே?”

“அந்தப் பாதையில காரு போவாது.”

“நடந்து?”

“முட்டி வுடாது.”

“மோட்டார் சைக்கிள்?”

“சத்தம் போடும். நான் போறது எனக்கு மட்டும் தெரிஞ்சா போதும்.”

கேண்டீனில் நாற்பது பேர் கேட்க அவர் இதைச் சொன்னார்.

பக்கத்து மேசையில் இருந்தவர் நிதிப்பிரிவு மேலாளர் குணசீலன். பினாங்கிலிருந்து மாற்றலாகி வந்தவர். சில பேருக்கு நடுவயதில் சர்க்கரை வரும், சில பேருக்கு ரத்த அழுத்தம் வரும். இவருக்கு ஆரோக்கியம் வந்துவிட்டது. ஒரு விரலால் தூக்கக்கூடிய சைக்கிள் ஒன்றை வாங்கி, உடம்போடு ஒட்டிய உடை போட்டுக்கொண்டு, ஞாயிறுதோறும் எஸ்டேட் பாதைகளில் ஓட்டுவார். திங்கட்கிழமை முழுக்க அதைப் பற்றிப் பேசுவார்.

“மேடம், மோட்டார் வெச்சா அது சைக்கிள் இல்ல. சோம்பேறித்தனத்துக்கு ரெண்டு சக்கரம் மாட்டுனது.”

“சார் ஆபீஸ் மாடிக்கு லிப்ட்லதானே வர்றீங்க?” என்றார் அக்கா, வெள்ளரிக்காய்த் துண்டைக் கடித்துக்கொண்டே.

இங்கே என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் முதன்முதலில் மின்சைக்கிள் வாங்கியவன் நான்தான். இணையத்தில் படம் பார்த்தேன், சிவப்பாக இருந்தது, வாங்கினேன். டயர்கள் வேறு பூசணிக்காய் மாதிரி பருத்திருந்தன. காட்டுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன். செய்தி தெரிந்ததும் அக்கா என்னை விசாரணைக்கு அழைத்தார்.

“மோட்டார் எங்க இருக்கு?”

“உள்ள.”

“உள்ளன்னா எங்க? பின்சக்கரத்துலயா, பெடலுக்கு நடுவுலயா?”

“அக்கா, அது ஓடுது. அது போதாதா?”

என்ன மாத்திரை என்று பார்க்காமலே விழுங்கிவிட்டு வந்த நோயாளியை மருத்துவர் பார்ப்பதுபோல் அவர் என்னைப் பார்த்தார். பிறகு பாடம் நடந்தது. மோட்டார் பின்சக்கரத்தில் இருந்தால் சமதரையில் சுகமாக ஓடும், செங்குத்து மேட்டில் சூடாகித் திணறும். பெடலுக்கு நடுவில் இருந்தால் கியரையும் சேர்த்துப் பயன்படுத்திக்கொண்டு மேடு ஏறும். ஆனால் எடை கூடும், சங்கிலி சீக்கிரம் தேயும். எல்லாவற்றையும் படித்து வைத்திருந்தார். சைக்கிள் ஓட்டிப் பல காலம் ஆகிவிட்டது என்ற ஒரு விஷயத்தை மட்டும் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்து கடைகள். ஜொகூர் பாருவில் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு சைக்கிள் கடைக்குப் போனார். சேற்றில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். “ஆன்ட்டி, எங்க கடையில சேறு இல்ல” என்று அனுப்பிவிட்டார்கள். பத்து பஹாட் நகரில் ஒரு கடைக்கு மூன்று தடவை போனார். மூன்றாம் தடவை அவர் தலையைக் கண்டதும் கடைக்காரர் சாப்பிடப் போய்விட்டார். அப்போது காலை பத்து மணி.

கடைசியில் அக்காவின் பார்வை எங்கள் ஊர் ரயில் நிலையத்துப் பக்கம் இருந்த ஒரு பழைய சைக்கிள் கடையில் விழுந்தது. அதன் தவுக்கே, அதாவது முதலாளி, எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த சீனர். தமிழ் தண்ணீர்ப்பட்ட பாடு. ஆனால் அவருக்குத் தெரிந்த தமிழில் ‘நீங்க’ கிடையாது. மாவட்ட அதிகாரியே வந்தாலும் ‘நீ’தான். அவர் கடையில் காட்டுவழி ஓட்டத்துக்கான மூன்று மின்சைக்கிள்கள் வரிசையாக நின்றன. மூன்று என்ற எண்ணைக் கண்டதும் அக்காவின் முகம் மலர்ந்ததாம். தவுக்கே பாவம், அதை நல்ல சகுனம் என்று நினைத்துவிட்டார்.

முதல் சைக்கிள் என்னுடையதைப் போன்ற பருத்த டயர் வண்டி. அக்கா அதற்கு ‘பூசணி’ என்று பெயர் வைத்தார். இரண்டாவது, முன்னும் பின்னும் சஸ்பென்ஷன், பெடலுக்கு நடுவில் மோட்டார், பெரிய பேட்டரி. பார்க்க ஒரு சோபாவுக்குச் சக்கரம் பூட்டியது போல இருக்கும். அது ‘எருமை’. மூன்றாவது ஒல்லியாக, சின்ன மோட்டாரும் சின்னப் பேட்டரியுமாக, மூலையில் சாய்ந்து நின்றது. அது ‘கொசு’. கொசுவை அக்கா முதல் நாளே தள்ளிவிட்டார். “இவ்வளவு சின்ன பேட்டரிய வெச்சு கோப்பிகூட ஆத்த முடியாது.”

அதன் பிறகு கேள்விகள். நான் துணைக்குப் போயிருந்தேன்.

“தண்ணியில ஓட்டலாமா?”

“மழையில ஓட்டு. ஆத்துல மீன் மாதிரி ஓட்டாதே.”

“பேட்டரி எவ்வளவு தூரம் வரும்?”

“நீ எவ்வளவு வெயிட்?”

நான் சுவரில் தொங்கிய டியூப்களைப் பார்க்க ஆரம்பித்தேன்.

“அதை எதுக்கு நான் உங்ககிட்ட சொல்லணும்?”

“நீ சொல்லாட்டி பேட்டரி சொல்லும்.”

அக்கா தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் எப்போதாவது யானை வந்து இளங்கன்றுகளைப் பிடுங்கிப் போடும். ஆகவே அது நியாயமான கேள்விதான்.

“யானை துரத்துனா எதுல தப்பிக்கலாம்? எருமையிலயா, பூசணியிலயா?”

தவுக்கே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “யானை வந்தா சைக்கிளைப் போட்டுட்டு ஓடு. சைக்கிளுக்கு வாரண்டி இருக்கு. உனக்கு இல்ல.”

இன்னொரு சனிக்கிழமை பிரேக்கைச் சோதிக்க என்று வீட்டிலிருந்து ஓர் அரிசி மூட்டையைக் கொண்டுவந்து எருமையின் பின்னால் கட்டச் சொன்னார். கடை வாசலின் அஞ்சடி நடைபாதையில் ஓட்டிக்கொண்டு வந்து, தவுக்கேயின் மூக்குக்கு எதிரே சடாரென்று பிரேக் பிடித்தார். சைக்கிள் நின்றது. அரிசி நிற்கவில்லை. கடை வாசல் முழுக்க வெள்ளை வெளேரென்று அரிசி. அதன்பின் பல நாள்கள் அந்தத் தெருப் புறாக்கள் வேறெங்கும் போகவில்லை.

“பிரேக் நல்லாப் பிடிக்குது. மூட்டைதான் சரியில்ல” என்றார் அக்கா.

தீபாவளி போனது. சீனப் புத்தாண்டும் போனது. மூன்று சைக்கிள்களும் நின்ற இடத்திலேயே நின்றன. கடைசியில் தவுக்கே உடைந்துபோனார்.

“அமோய், தங்கச்சி, நீ வாங்க வேணாம். வர்ற ஞாயித்துக்கிழமை நானே எஸ்டேட்டுக்குக் கொண்டுட்டு வரேன். நிசமான மேடு, நிசமான சேறு. ஓட்டு. அப்புறம் வாங்கு, இல்லாட்டி என்னைக் கொன்னுடு.”

அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து வாசலில் நாங்கள் நான்கு பேர் கூடினோம். அக்கா எருமை மீது. பூசணியின் சார்பாக நான், என் சிவப்பு வண்டியில். எருமையைக் காவல் காக்கத் தவுக்கே கொசுவில் வந்திருந்தார். மோட்டார் வைத்த சைக்கிளுக்கும் மனிதச் சக்திக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டுவதற்காகக் குணசீலனும் தன் ஒரு விரல் சைக்கிளோடு வந்திருந்தார். காவலாளி எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கேள்வி கேட்காமல் கேட்டைத் திறந்தார். கேட்டால் பதில் நீளும் என்று தோன்றியிருக்கும்.

சமதரை வரை எல்லாம் இனிமை. செம்பனை வரிசைகளுக்கு நடுவே செம்மண் பாதை. குணசீலன் முன்னால் பறந்தார். அக்கா எருமை மீது நிமிர்ந்து உட்கார்ந்து, எஸ்டேட்டைப் பார்வையிட வந்த பெரிய துரை போல வந்தார். ஒவ்வொரு பள்ளத்திலும் “சஸ்பென்ஷன் ஓக்கே… ஓக்கே… இது ஓக்கே இல்ல” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

பிறகு மழை பிடித்தது. ஜொகூர் மழை ஆளைக் கேட்டுக்கொண்டு வராது. செம்மண் பாதை கண்ணெதிரே சோப்புக் கட்டியாக மாறியது. எங்களுக்கு முன்னால் ஓர் இறக்கம். “பிரேக் பிடிச்சுப் போங்க சார்!” என்று அக்கா கத்தினார். குணசீலன் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். திரும்பிப் பார்த்ததுதான் தவறு. சைக்கிள் ஒரு பக்கம் போனது, அவர் பாதையோரத்து லொங்காங்குக்குள் போனார்.

நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் சாக்கடைச் சேற்றில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. காறை எலும்பு சட்டைக்குள் தவறான இடத்தில் மேடு கட்டி நின்றது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த காலைப்பொழுது அங்கேயே முடிந்துவிட்டது.

தவுக்கே தன் சட்டையைக் கழற்றி, கையைத் தூக்கிக் கட்டினார். “ஆடாதே. நீ ஆடுனா எலும்பும் ஆடும்.” நான் கைப்பேசியை எடுத்தேன். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. வந்த வழியே திரும்பினால் வெகு தூரம். எதிரே இருந்த மேட்டைத் தாண்டினால் அந்தப் பக்கம் தொழிலாளர் வீடுகள் உண்டு, டிராக்டர் இருக்கும் என்றார் தவுக்கே. அவருக்கு முதுகு சரியில்லை. மேலும் குணசீலன் தவுக்கேயின் கையை விடுவதாக இல்லை.

வீரம் பொங்க நான் என் சிவப்பு வண்டியில் கிளம்பினேன். பாதி மேடு வரை வீரம் இருந்தது. பின்சக்கரம் அதே இடத்தில் சுற்றிச் சுற்றிச் சேற்றை வாரி என் முதுகில் அடித்தது. மோட்டார் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றது. நானும் வண்டியும் மெதுவாகப் பின்னோக்கிச் சறுக்க ஆரம்பித்தோம். அப்போது என் பக்கத்தில் எருமை ஏறிப் போனது. அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடுப்பு வரை சேறு, பல்லைக் கடித்த முகம். லாரி ஏறுவது போல நிதானமாக ஏறினார்.

ஜெயித்தாயிற்று என்று நினைத்தேன். மேட்டின் உச்சிக்குச் சற்று முன்னால், பாதைக்குக் குறுக்கே ஒரு செம்பனை மரம் விழுந்து கிடந்தது. இரண்டு பக்கமும் ஆழமான லொங்காங். சுற்றிப் போக வழியில்லை. அக்கா இறங்கி எருமையைத் தூக்கிப் பார்த்தார். முன்சக்கரம் ஒரு சாண் எழும்பியது. அவ்வளவுதான். மறுபடி தூக்கினார். எருமை அவர் மேலேயே சாய்ந்தது. மேட்டின் மேலிருந்து அவர் குரல் கேட்டது.

“டேய்! கொசுவைக் கொண்டா!”

நான் கீழே ஓடி, தவுக்கே போட்டிருந்த கொசுவைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறினேன். எனக்கு மூச்சு வாங்கினாலும் அது கூடவே வந்தது, பழகிய ஆட்டுக்குட்டி மாதிரி. அக்கா அதை என் கையிலிருந்து பிடுங்கி, தனியாளாகத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு தானும் மரத்தைத் தாண்டினார். “சாரைத் தூங்க வுடாதே, பேசிக்கிட்டே இரு” என்று சொல்லிவிட்டு மழைக்குள் போய்விட்டார்.

நான் கீழே வந்து, ஒரு செம்பனை மட்டையை முள்ளை ஒடித்துக் குடையாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேசச் சொன்னாரே தவிர என்ன பேசுவதென்று சொல்லவில்லை. ஆண்டு இறுதிக் கணக்கைப் பற்றிக் கேட்டேன். குணசீலன் பதில் சொல்லாததைப் பார்த்துத்தான் வலி எவ்வளவு என்று புரிந்தது.

வெகுநேரம் ஆனது. மழை விடவில்லை. குணசீலனின் பல் கிடுகிடுக்க ஆரம்பித்தது.

“மேடம் வருவாங்களா?” என்றார், குழந்தைக் குரலில்.

“வரும்” என்றார் தவுக்கே. “மூணு டிராக்டர் பாத்துட்டு, ஒண்ணை எடுத்துட்டு வரும்.”

குணசீலன் சிரித்தார். சிரித்ததும் வலி தாங்காமல் கத்தினார். கத்தியது நல்லதாகப் போயிற்று. மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து டிராக்டர் சத்தமும், அதற்கு மேல் அக்காவின் குரலும் கேட்டன. “தோலோங், பாக், செப்பாட்!” என்று மலாயில் உதவி கேட்டு, சீக்கிரம் வரச் சொல்லி, அவர் யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார். இந்தோனேசியத் தொழிலாளர்கள் விழுந்த மரத்தைச் சங்கிலி கட்டி இழுத்து ஓரம் தள்ளினார்கள். பழக்குலை ஏற்றும் டிரெய்லரோடு டிராக்டர் இறங்கி வந்தது. டிரெய்லரில் செம்பனைக் குலைகளுக்கு நடுவே, கொசுவைக் கட்டிப்பிடித்தபடி, தலை முதல் கால் வரை செம்மண் பூசிய ஓர் உருவம் உட்கார்ந்திருந்தது.

“முதல் டிராக்டரையே எடுத்துட்டேன்” என்றது அந்த உருவம். “பாக்க நேரமில்ல.”

குணசீலனைக் குலைகளுக்கு நடுவில் சாக்கு விரித்து உட்கார வைத்தோம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் எலும்பு ஒரு பக்கம், முள் ஒரு பக்கம் குத்த, பெரிய ரோடு வரை அவர் வந்த வேதனையைச் சொல்லி மாளாது. அக்கா அவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு வழி நெடுக அர்ச்சனை செய்துகொண்டே வந்தார். “பிரேக் பிடிங்கன்னா சிரிக்கிறீங்க. வயசுக்கேத்த மாதிரியா நடந்துக்கிறீங்க?” கையை மட்டும் விடவே இல்லை.

மருத்துவமனையில் அவரை உள்ளே கொண்டுபோன பிறகு, வெளியே பெஞ்சில் நானும் அக்காவும் உட்கார்ந்தோம். கோப்பி வாங்கிக் கொடுத்தேன். அவர் குடிக்காமல் கப்பை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார்.

“பயந்துட்டீங்களா, அக்கா?”

“மரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்துலயே பேட்டரி செத்துப்போச்சுடா. தவுக்கே சார்ஜே போடாம கொண்டாந்திருக்காரு, காவலுக்குத்தானேன்னு. மோட்டார் நின்னதும் மழைச் சத்தம் மட்டும்தான். அங்க ஒரு மனுசன் கெடக்குறாரு, நான் இங்க நிக்கிறேன்னு தோணிச்சு பாரு… அழுதுக்கிட்டேதான் மிதிச்சேன். மேடு வந்தா தள்ளுனேன். அது பாவம், கூடவே வந்துச்சு.” கோப்பியைக் கீழே வைத்தார். “யாருகிட்டயும் சொல்லாதே.”

நான் யாரிடமும் சொல்லவில்லை. பத்திரிகையில் எழுதுவது சொல்வதில் சேராது என்று நம்புகிறேன்.

அன்று சாயங்காலமே, உடம்பில் காய்ந்த மண்ணோடு, அவர் கடை வாசலில் போய் நின்றார். தவுக்கே அப்போதுதான் குளித்துவிட்டுக் கடையைத் திறந்து எருமையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“கொசுவை எடுத்துக்கிறேன்.”

“நீதான் பேட்டரி சின்னதுன்னு சொன்னே?”

“பெரிசா இருந்து என்ன? அது தீந்துபோனா நான்தானே தூக்கணும்.”

“விலை கேக்கல நீ.”

“சொல்லுங்க.”

தவுக்கே சொன்னார். அக்கா தலையாட்டினார். பேரம் இல்லை, கணக்குப் போடவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்ற வார்த்தையும் இல்லை. தவுக்கே பக்கத்தில் இருந்த டயர் அடுக்கின் மீது உட்கார்ந்துவிட்டார். “உனக்கும் எங்கயாச்சும் அடிபட்டிருக்கா?” என்று விசாரித்தாராம்.

திங்கட்கிழமை தொழிற்சாலையில் செய்தி பரவிய வேகத்தில் தீ விபத்துச் செய்திகூடப் பரவியிருக்காது. கொட்டேஷன் அக்கா ஒரே கொட்டேஷனில் பொருள் வாங்கிவிட்டார்! நம்பாதவர்கள் சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் போய்க் கொசுவைத் தொட்டுப் பார்த்தார்கள். சிலருக்கு வருத்தம்கூட, ஒரு நம்பிக்கை இடிந்துவிட்டது போல. விடுப்பு முடிந்து கைக்குத் தொட்டில் கட்டிக்கொண்டு வந்த குணசீலன், நேராகக் கொள்முதல் பிரிவுக்குப் போனார். வாயில் வந்த முதல் வார்த்தை நன்றியாக இருக்கும் என்று நாங்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் நிதிப்பிரிவுக்காரர்.

“மேடம், மத்த ரெண்டு கொட்டேஷன் எங்க?”

“ஒண்ணு பாதி மேட்டுல நின்னுபோச்சு சார். இன்னொண்ணு மரத்துக்கு இந்தப் பக்கமே நின்னுபோச்சு.”

குணசீலன் அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “எனக்கும் ஒண்ணு பாத்துக் கொடுக்கிறீங்களா? மோட்டார் வெச்சதுதான்” என்றார். தோள் குணமானாலும் மேடு ஏறும்போது முன்போல் அழுத்தம் கொடுக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். அக்காவின் கண்கள் பளபளத்தன. அடுத்தவர் வாங்கும் பொருள் என்றதும் பழைய சட்டம் மொத்தமாகத் திரும்பி வந்துவிட்டது. குணசீலனை எடை சொல்லச் சொன்னார். யானையைப் பற்றி அவருடைய கருத்தைக் கேட்டார். பத்து பஹாட் கடைக்காரர் மறுபடியும் காலை பத்து மணிக்குச் சாப்பிடப் போனார். நான் கேள்விப்பட்டவரை குணசீலன் இன்னும் தேர்வு செய்துகொண்டிருக்கிறார்.

அக்கா அந்தக் குன்றுக்குப் போனது, மழை நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை. என்னையும் வரச் சொன்னார். உச்சியில் கொசுவைச் சாய்த்துவிட்டு, கையை நெற்றியில் வைத்து வெகுநேரம் தேடினார். எல்லா வீடும் ஒரே மாதிரி இருந்தது. ஒரே கூரை, ஒரே வேலி. கடைசியில் தண்ணீர்த் தொட்டியை வைத்து அடையாளம் கண்டுபிடித்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஏதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

“மேல ஒரு ஓடு நகந்திருக்கு” என்றார். “அதான் ஒழுகுது. மூணு வருசமா அவரு கண்டுபிடிக்கல.”

ஆனாலும் அங்கிருந்து கிளம்ப அவருக்கு மனமே வரவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.

அன்று எழுந்து பார்த்தபோது வீட்டில் ஆள் இல்லாததால் கணவர் பதறிப்போய் எல்லோருக்கும் போன் செய்தார் என்பது பிறகு தெரிந்தது. அவர் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் சீக்கிரமாக எழுந்துவிடுகிறார். எஸ்டேட் வாசலில் காரை நிறுத்தி, பொட்டலத்தில் ரொட்டியும் சாம்பாரும் வாங்கி வைத்துக்கொண்டு, நாங்கள் திரும்பி வரும்வரை சீட்டைச் சாய்த்துத் தூங்குகிறார். அதே தூக்கம்தான், இடம்தான் வேறு.

நான் வேறு தொழிற்சாலைக்கு மாறிவிட்டேன். சிவப்பு வண்டி கடைக்குப் போய்த் தேங்காய்ப்பால் வாங்கி வருவதோடு சரி. தவுக்கேயிடம் ஒரு பழைய சாதாரண மலைச்சைக்கிள் வாங்கி, மோட்டார் இல்லாமல் அக்காவின் பின்னால் மிதித்துக்கொண்டு போகிறேன். அவர் மோட்டாரில் சுலபமாக மேலே போய்விடுவார். நான் மூச்சு இரைத்து மேட்டில் ஊர்ந்து வரும்போதெல்லாம், அவர் மேலே சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, குனிந்து சங்கிலியைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார். “இந்தச் சங்கிலி சனியன், எப்பப் பாரு கழண்டுக்கிது” என்பார், நான் பக்கத்தில் வந்ததும்.

அந்தச் சங்கிலி ஒருநாளும் கழன்றதில்லை. அவர் விரலில் எண்ணெய்க் கறை ஒட்டியிருந்து நான் பார்த்ததே இல்லை.